பூங்காவின் விளக்கு யார் காசில் எரிகிறது?

பத்தாம் வகுப்புப் பொருளியலில் ‘அரசாங்கமும் வரிகளும்’ பாடம் நடத்தும்போது நேர்முக வரி, மறைமுக வரி வரை மாணவர்கள் சிரமமில்லாமல் வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: “அரசிடமிருந்து பணம் வருவது திடீரென்று நின்றுபோனால், ஒரு பொது இடத்தை யார் நடத்துவது?” வகுப்பு அங்கேதான் விழித்துக்கொள்கிறது. இந்தக் கேள்விக்காகக் கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா. டென்னசி, வடக்கு கரோலினா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த மலைக்காடு அது. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் அதிகம் பேர் வருவது இங்கேதான். ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருகைகள் பதிவாகின்றன.

இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பூங்காவை ஊடறுத்துச் செல்லும் சாலையை டென்னசி மாநிலம் மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, சுங்கம் வசூலிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தது. நல்ல நிபந்தனைதான். ஆனால் கூட்டம் எவ்வளவு வந்தாலும் வாசலில் வருமானம் இல்லை. 2023 மார்ச்சில்தான், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்துவோருக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று நிறுத்தக் கட்டணம் வந்தது.

முதலில் பூங்கா உருவான கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே நிலம் அரசுடையதாக இல்லை. மரக் கம்பெனிகளிடமும் சிறு விவசாயிகளிடமும் இருந்த 6,000க்கும் மேற்பட்ட துண்டு நிலங்களை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 1927இல் இரு மாநிலச் சட்டமன்றங்களும் தலா 20 லட்சம் டாலர் ஒதுக்கின. ஊர் மக்கள் நிதி திரட்டினார்கள். பள்ளி மாணவர்கள் சில்லறைக் காசு கொடுத்தார்கள். 1928இல் ராக்பெல்லர் குடும்ப அறக்கட்டளை, மற்றவர்கள் திரட்டும் அளவுக்கு ஈடாக 50 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது.

‘ஈட்டு நன்கொடை’ என்ற இந்தக் கருத்தைக் கீழ் வகுப்புகளில் புளியங்கொட்டையை வைத்தே விளக்கிவிடலாம். மாணவர் ஒரு கொட்டை வைத்தால் ஆசிரியர் ஒன்று வைக்க வேண்டும்; மாணவர் எடுத்துவிட்டால் ஆசிரியரும் எடுத்துவிடுவார். ஒரு கொட்டையின் மதிப்பு இரண்டாகும் வேகத்தைப் பார்த்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மேல் வகுப்புக்கு அடுத்த படி: தருவதாகச் சொன்ன தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றல்ல. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் மக்கள் ஒப்புக்கொண்ட பணத்தில் ஒரு பகுதி வரவேயில்லை. குறையை மத்திய அரசு ஈடுகட்டிய பிறகே நிலம் வாங்கும் வேலை முன்னேறியது. 1934இல் பூங்கா முறைப்படி அமைந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று நடத்துங்கள். நிலம் கொடுக்க விரும்பாதவர்களும் இருந்தார்கள். கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஜான் ஆலிவர் நீதிமன்றம் வரை போராடி, கடைசியில் 1937இல் வெளியேறினார். அவருடைய முன்னோர் வாழ்ந்த மரவீடு இன்று பார்வையாளர்கள் படம் எடுக்கும் காட்சிப்பொருள். ஒருவர் நன்கொடை, இன்னொருவர் வீடு. “காசு கொடுத்த பிள்ளைகளுக்கு இது தெரியுமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, வகுப்பைப் பேசவிட்டேன். மணி அடித்த பிறகும் பேச்சு ஓடியது.

இரண்டாம் பாடவேளை பார்வையாளர் மையத்துக்கு உரியது. வரைபடம், வழிகாட்டுதல், கழிப்பறை, கரடி வந்தால் என்ன செய்வது என்ற எச்சரிக்கை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். 2011இல் திறந்த ஓக்கனலஃப்டி மையம் அரசுப் பணத்தில் கட்டப்பட்டதல்ல. சுமார் 30 லட்சம் டாலர் கட்டடச் செலவை 1953 முதல் இயங்கிவரும் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் சங்கம் ஏற்றது; உள்ளே உள்ள காட்சிகளுக்கு 1993இல் தொடங்கிய ‘ஸ்மோக்கி நண்பர்கள்’ அமைப்பு செலவிட்டது. சங்கத்துக்குப் பணம் வருவது மையங்களில் நடத்தும் புத்தகக் கடையிலிருந்தும் உறுப்பினர் சந்தாவிலிருந்தும். நண்பர்கள் அமைப்புக்கு வேடிக்கையான ஒரு வழி உண்டு: விரும்புவோர் கூடுதல் பணம் கட்டிப் பூங்காவின் படம் போட்ட வண்டி எண் பலகையை வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு பங்கு பூங்காவுக்கு வரும்.

கட்டடம் ஒருமுறைச் செலவு. விளக்கு, தண்ணீர், துப்புரவு, மேசையில் உட்கார்ந்து பதில் சொல்பவரின் சம்பளம் ஆகியவை தினச் செலவு. நன்கொடையாளருக்குக் கல்வெட்டில் பெயர் கிடைப்பது முதலாவதில். கழிப்பறை கழுவியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. நம் பள்ளிகளிலும் இதைப் பார்க்கிறோமே! அதனால் மாணவர்களிடம் இரண்டு பத்தி கொண்ட பட்டியல் ஒன்று எழுதச் சொல்கிறேன். நம் ஊர் நூலகத்தையோ பூங்காவையோ எடுத்துக்கொண்டு, எது ஒருமுறைச் செலவு, எது தினச் செலவு என்று பிரிக்க வேண்டும். தினச் செலவுப் பத்தி நீண்டுகொண்டே போகும்.

2013 அக்டோபரில் நிதி மசோதா நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசு முடங்கியது, பூங்காக்கள் மூடப்பட்டன. இலைகள் நிறம் மாறும் அந்த மாதம்தான் மலையடிவார ஊர்களின் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் முக்கியமான பருவம். டென்னசி மாநிலமும் சீவியர் மாவட்டமும் ஐந்து நாள்களுக்கு 3,00,500 டாலர் தர ஒப்புக்கொண்டு, அக்டோபர் 16 அன்று பூங்காவைத் திறக்க வைத்தன. நாளொன்றுக்கு எவ்வளவு? 60,100 என்று வகுப்பே கணக்கிட்டுவிடும். அன்றிரவே முடக்கம் முடிந்தது வேறு கதை. 2018 டிசம்பரில் மீண்டும் ஒரு முடக்கம், இம்முறை 35 நாள். பூங்கா திறந்தே இருந்தது, ஊழியர்கள்தான் இல்லை. பார்வையாளர் மையங்களையும் கழிப்பறைகளையும் சங்கமும் கூட்டாளிகளும் புத்தாண்டு வரை தங்கள் பணத்தில் நடத்தினார்கள். 2025 அக்டோபர் முடக்கத்தில் அண்டை நகரங்கள், மாவட்டங்கள், செரோக்கி பழங்குடி அரசு, டென்னசி மாநிலம், நண்பர்கள் அமைப்பு எல்லாம் கைகோத்துச் செலவைப் பகிர்ந்துகொண்டன.

இதற்குப் பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க வைக்கிறேன். “மக்களே கொடுத்தால் அரசு தன் கடமையை விட்டுவிடும்” என்பது ஒரு கட்சி. “மூடிக் கிடப்பதைவிட அது மேல்” என்பது மறு கட்சி. மூன்றாவதாக ஒரு குரல் தானாகவே எழும்: “பணக்கார ஊருக்குப் பக்கத்தில் இல்லாத பூங்கா என்ன செய்யும்?” என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் கனமான கேள்வி. சுற்றுலா வருமானம் உள்ள ஊர் கொடுக்கும். அது இல்லாத ஊரின் பூங்காவுக்கு யாரும் காசோலை எழுதப்போவதில்லை. பள்ளிகளுக்கும் இதே கதை. 1950களின் இறுதியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் அள்ளிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். ஊரிலேயே வசதியில்லாத இடத்தில் அந்தச் சுமை எங்கே போய் விழுந்திருக்கும் என்பதையும் மூத்த ஆசிரியர்களிடம் கேட்டுவரச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. இந்தப் பாடத்தையொட்டி வகுப்பில் உண்டியல் வைப்பதில்லை, ‘ஆளுக்கு ஐந்து ரூபாய்’ கேட்பதும் இல்லை. கொண்டுவராத பிள்ளை யார் என்பது பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழைய நோட்டின் வெற்றுத்தாளில் வெட்டிய காகித நோட்டுகளே போதும். ஆளுக்கு ஒரே அளவு கொடுத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு மையத்தை நடத்தச் சொல்லுங்கள். பாதியில் “அரசு மானியம் நின்றது” என்று பலகையில் எழுதுங்கள். எதை முதலில் மூடுகிறார்கள் என்று கவனியுங்கள். சென்ற முறை ஒரு குழு புத்தகக் கடையை மூடியது. மறுவாரமே கையில் காசில்லாமல் அதைத் திறக்க ஓடியது.