சுத்தியல் விரலும் நாம் அணியும் சப்பாத்தும்

பெருவிரலுக்கு அடுத்த கால்விரல் நடுமூட்டிலே கூடாரம்போல் மேலெழுந்து, நுனி நிலத்தைக் குத்தியபடி நிற்பதை எம்மவர் பலரின் கால்களில் காணலாம். கோவில் வாசலில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றும்போதுதான் இது வெளியே தெரிகிறது. சுத்தியலைப்போல் வளைந்திருப்பதால் ஆங்கில வைத்தியத்தில் இதனை ‘ஹமர் டோ’ என்பார்கள். நாம் சுத்தியல் விரல் என்று வைத்துக்கொள்வோம்.

“வயது போனால் இப்படித்தான்” என்று அநேகர் விட்டுவிடுகிறார்கள். வயதும் ஒரு காரணந்தான். மூட்டுவாதம், நீரிழிவினால் நரம்பு பழுதடைதல், பரம்பரையான பாத அமைப்பு என்பனவும் காரணமாகலாம். ஆனால் நாமே மாற்றக்கூடிய காரணம் சப்பாத்து ஒன்றே. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெருவிரலில் இரண்டு எலும்புகளும், மற்றைய விரல்களில் பொதுவாக மூன்று எலும்புகளும் உள்ளன. விரலை மடக்கும் தசைநார் அடியிலும், நிமிர்த்தும் தசைநார் மேலேயும் ஓடுகின்றன. பாதத்தினுள் இருக்கும் சிறு தசைகள் இவ்விரண்டையும் சமப்படுத்துகின்றன. முனை ஒடுங்கிய சப்பாத்தினுள் நாளொன்றுக்கு 8 அல்லது 10 மணி நேரம் விரல் மடங்கியே கிடந்தால், அந்தச் சமநிலை குலைந்து, மடக்கும் தசைநார் குறுகிவிடும். பின்பு சப்பாத்தைக் கழற்றினாலும் விரல் நிமிராது. இரண்டாம் விரல் சிலருக்குப் பெருவிரலை விட நீளமானது. அதனால் அதுவே முதலில் மடங்குகிறது. குதி உயர்ந்த சப்பாத்தில் உடற்பாரம் முழுவதும் முன்னோக்கிச் சரிந்து விரல்களை நெரிக்கும். பெண்களிடம் இவ்வுபாதை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரில் பாட்டாச் செருப்புடனும் வெறுங்காலுடனும் திரிந்த பாதங்கள் விரல் விரிந்து அகலமாக வளர்ந்தவை. இங்கு வந்த பின் நாம் நீளத்தின் நம்பரை மட்டும் பார்த்துச் சப்பாத்து வாங்குகிறோம், அதுவும் மலிவு விற்பனையில்! இருபது வருடத்திற்கு முன் பொருந்திய நம்பர் இன்று பொருந்தாது. வயதுடன் பாதம் அகலும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பின்னேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிமிர்ந்து நில்லுங்கள். பிள்ளைகளில் ஒருவரை இரு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். (நீங்களே குனிந்து கீறினால் பாதத்தின் வடிவம் மாறிவிடும்.) தினமும் அணியும் சப்பாத்தை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கானதல்ல. வாங்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 சென்ரிமீற்றர் இடம் இருக்கவேண்டும். விரல் உரசாதபடி முனை உயரமாகவும் இருக்கவேண்டும். குதி தாழ்ந்ததாய், கயிறு அல்லது பட்டியால் இறுக்கக்கூடியதாய் இருப்பது நல்லது. குதிப்பட்டி இல்லாத தளர்ந்த செருப்பு கழன்றுவிடாமல் விரல்கள் அதைப் பற்றிப் பிடிக்கும்; அதுவும் விரலை மடக்கும்.

மெட்டி அணியும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மூடிய சப்பாத்தினுள் மெட்டி, வளைந்த விரலை இன்னும் நெரிக்கும். வேலைக்குப் போகும் நாளில் அதைக் கழற்றி வைப்பதில் குற்றமில்லை என்பது என் எண்ணம். விரல் வீங்கியிருந்தால் கட்டாயம் கழற்றவேண்டும்.

விரலைக் கையால் மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்ந்தால் இன்னும் காலம் இருக்கிறது. நாளுக்குச் சில தடவை அப்படியே நிமிர்த்திச் சில விநாடிகள் பிடியுங்கள். நிலத்தில் துவாயை விரித்து விரல்களால் சுருட்டி இழுப்பதும் பாதத்தின் சிறு தசைகளைப் பலப்படுத்தும். உரசும் இடத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கன் உறை அல்லது பஞ்சு அட்டையை வைக்கலாம். இவை வலியைக் குறைக்கும், வளைவை நீக்கமாட்டா. விரல் இறுகிவிட்டால் பயிற்சியால் நிமிராது. நடக்கவே முடியாத வலி இருந்தால் சத்திரசிகிச்சை உண்டு. மூட்டு எலும்பில் ஒரு பகுதியை அகற்றியோ, மூட்டைப் பொருத்தியோ விரலை நேராக்குவார்கள். சிலருக்குச் சில வாரங்கள் விரலினுள் மெல்லிய கம்பி இருக்கும்.

மூட்டின் மேல் ஆணி வளர்ந்தால் பிளேட்டால் சீவுவது எம்மவர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்ரரையும் தவிர்க்கவேண்டும். அதிலுள்ள சலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியவராது. அப்படித் தொடங்கும் சிறு புண் விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். எம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிரித்தானியாவில் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை இலவசம். அதற்கு அழைப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கோடைத் தேர்த் திருவிழாவில் சுடும் தார் வீதியில் வெறுங்காலுடன் நடந்தவர்கள், வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கொப்புளம், சிவப்பு, கசிவு எது கண்டாலும் அன்றே குடும்ப வைத்தியரிடமோ பாத வைத்தியரிடமோ காட்டவேண்டும்.