பெட்டியின் சாவி யாரிடம்?

அன்பு மகளுக்கு,

ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை ஆகிவிட்டாய். பிள்ளைகளின் மனநலத்துக்கென்று வாரம் ஒரு பீரியட் கேட்டு வாங்கி, மூச்சுப் பயிற்சி, நல்ல கதை என்று நடத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். நடத்து, தடுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதே. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஒரு பீரியடில் முடிவாவதில்லை. வாரத்தின் மற்ற எல்லா பீரியடிலும், இடைவேளையிலும், கழிப்பறை வாசலிலும் அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் முடிவாகிறது.

பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, நீ நடத்தப்போவது போன்ற வகுப்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே மனதை ஒருமுகப்படுத்தும் பாடங்கள் பத்தை நடத்தினார்கள். 2022இல் முடிவு வந்தது. வழக்கமாக நடக்கும் வகுப்புகளைவிட இதனால் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லையாம். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்களின் சோர்வு கொஞ்சம் குறைந்திருந்தது! அதுவும் நல்லதுதான், ஆனால் அதற்காகவா அத்தனை பாடுபட்டார்கள்?

இதற்கு நேர்மாறான பாடம் நம் நாட்டிலேயே, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில், உன்னுடையதைப் போன்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காலை வழிபாட்டில் பேச்சு, சுவரிதழ், போட்டிகள், பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, வேண்டியவர்களுக்குத் தனியாக ஆலோசனை என்று முழுப் பள்ளியையும் தொடும் திட்டம் அது. சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து ஒருவரை அமர்த்தினார்கள். அவர் மனநல மருத்துவர் அல்ல, சாதாரண ஆள்தான். வேறு சில பள்ளிகளில் அதே திட்டத்தை அங்கிருந்த ஆசிரியர் ஒருவரிடமே ஒப்படைத்தார்கள். தனியாள் இருந்த பள்ளிகளில் சில மாதங்களிலேயே பள்ளிச் சூழல் தேறியது. மனச்சோர்வும், பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. அடுத்த ஆண்டும் தொடர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. ஆசிரியர் கையில் கொடுத்த பள்ளிகளிலோ குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஆசிரியரால் ஆகாதென்றால் ஆசிரியையான எனக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். நியாயமான கேள்வி. ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று நான் இதைப் படிக்கவில்லை. பாடம், தேர்வு, பதிவேடு, எமிஸ் இணையப் பதிவு என்று ஏற்கெனவே நிரம்பி வழியும் பாத்திரத்தில் இன்னொரு படி ஊற்றினால் அது வெளியேதான் போகும். தவிர, மதிப்பெண் போடுகிறவரிடமே போய் மனதைத் திறக்க எந்தப் பிள்ளைக்கும் தயக்கம் இருக்கும். 1982இல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் வந்தபோது யாரும் ஆசிரியர் கையில் கரண்டியைக் கொடுக்கவில்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனியாகவே ஆள் போட்டார்கள். வயிற்றுக்குத் தனியாள் வேண்டும் என்று புரிந்துகொண்ட மாநிலம் மனசுக்கும் அப்படியே செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீ கேட்கவேண்டியது அதைத்தான். அந்த ஆள் வரும்வரை நீயே அந்த ஆளாகிவிடப் பார்க்காதே. ஒரு வருடத்தில் களைத்துப்போவாய், பிள்ளைகளுக்கும் பயன் இருக்காது.

உன்னால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளுக்கும் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வந்ததே, உன் பள்ளியில் அது எங்கே தொங்குகிறது என்று பார். தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் ஒரு சீட்டும் விழாது. எல்லோரும் சாதாரணமாகக் கடந்துபோகும் இடத்துக்கு, தண்ணீர்க் குழாய்ப் பக்கமாக மாற்றச் சொல். வாரத்தில் குறித்த ஒரு நாளில் திறக்கட்டும், விடுபடவே கூடாது. சீட்டுகளில் பெரிய துயரங்களைத் தேடாதே. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். அடுத்த திங்கட்கிழமைக்குள் அந்தத் தாழ்ப்பாள் வந்துவிட்டால், தான் எழுதியதை யாரோ படித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைவிடக் கனமான ஒன்றை எழுதும் துணிச்சல் அதற்குப் பிறகுதான் வரும். அப்படி ஒன்று வந்தால், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. பாலியல் குற்றம் என்றால் தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். “உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கரும்பலகையின் ஓரத்தில் அழியாமல் எழுதி வை.

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது, இதற்கெல்லாம் ஏது நேரம் என்று ஓய்வறையில் முணுமுணுப்பார்கள். 2011இல் 213 பள்ளித் திட்டங்களை, ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் மாணவர்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. பிறரோடு பழகவும் தன்னைக் கையாளவும் கற்ற பிள்ளைகள் படிப்பிலும் முன்னேறியிருந்தார்கள் என்றது அது. பெரும்பாலும் அந்த ஊர்ப் பள்ளிகள்தான். நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் படிப்பு கெடும் என்று பயப்பட அதில் ஆதாரம் இல்லை. அடித்து வளர்த்தால்தான் உருப்படும் என்கிறவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதே. உடலையோ மனதையோ நோகடிக்கும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடைசெய்துவிட்டது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போ.

நீ கேட்ட பீரியட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தப் பெட்டியின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா