மின்கலத்தின் இரண்டாம் வாழ்வு

நுழையும்முன்

ஓரிடத்தில் போதாது என ஒதுக்கப்படும் பொருள், வேறோர் இடத்தில் தேவைக்கு மேலாகவே அமையலாம். மின்மகிழுந்துகளிலிருந்து கழற்றப்படும் மின்கலங்களைக் கொண்டு கதிரொளி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையையும், அதில் கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் இப்பாடம் விளக்குகிறது.

சக்கை தரும் பாடம்

தென்பெண்ணையாற்றங்கரை ஊரான மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச்சக்கையைச் சர்க்கரை ஆலைகள் வீசி எறிவதில்லை. கொதிகலனில் எரித்து நீராவியாக்குகின்றன. அந்நீராவியிலிருந்து மின்சாரமும் பெறுகின்றன. சாறு தீர்ந்த கரும்பிலும் வெப்பம் எஞ்சியிருக்கிறது. அவ்வாறே, ஊர்தியை இழுக்க இயலாத மின்கலத்திலும் ஆற்றலைச் சேமிக்கும் திறன் எஞ்சியிருக்கிறது.

சேமிப்பின் தேவை

தமிழ்நாட்டின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்டது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள கதிரொளி மின்நிலையம் தொடங்கப்பட்டது. ஆயினும் கதிரொளி மின்சாரம் நண்பகலில் மிகுகிறது. வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் நின்றுவிடுகிறது. காற்றோ, தென்மேற்குப் பருவக்காலத்தில் பெருகிப் பின்னர்க் குறைகிறது. மழைநீருக்கு ஏரி போல மின்சாரத்திற்கும் ஒரு தேக்கிடம் வேண்டும்.

எஞ்சிய திறன்

மின்மகிழுந்துகளில் பெரும்பாலும் லித்தியம் அயனி மின்கலங்களே பயன்படுகின்றன. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்வதால் அவற்றின் கொள்திறன் மெல்லக் குறைகிறது. அது தொடக்க அளவில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடாகக் குறையும்போது, ஊர்தி செல்லும் தொலைவும் குறைகிறது. ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பயன்படுத்துவதற்கு அத்திறன் போதுமானது.

ஒரு கணக்கைக் காண்போம். புதிதாக இருந்தபோது 30 யூனிட் கொண்ட மின்கலத் தொகுப்பு, 70 விழுக்காடாகக் குறைந்தபின் 21 யூனிட் கொள்ளும். அதன் ஆயுள் நீடிக்க 15 யூனிட் மட்டும் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு மின்விசிறி, நான்கு விளக்குகள், ஒரு தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு ஓர் இரவில் ஒன்றேகால் யூனிட் செலவாகுமெனில், பன்னிரண்டு வீடுகளின் தேவையை அது நிறைவேற்றும்.

நடைமுறையில்

2018இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரக் கால்பந்து அரங்கில், நிசான் லீஃப் மகிழுந்துகளின் புதிய, பழைய மின்கலங்களைக் கொண்ட சேமிப்பு அமைப்பு நிறுவப்பட்டது. பெங்களூருவிலும் பெர்லினிலும் இயங்கும் நுனம் நிறுவனம், ஜெர்மனியின் ஆடி மகிழுந்து நிறுவனத்தின் சோதனை ஊர்திகளில் பயன்பட்ட மின்கலங்களைக் கொண்டு மின் ஆட்டோக்களை உருவாக்கி 2022இல் அறிமுகப்படுத்தியது. பகலில் கதிரொளி மின்சாரத்தைத் தேக்கி, மாலையில் அந்த ஆட்டோக்களுக்கு மின்னேற்றவும் பழைய மின்கலமே பயன்படும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது.

எச்சரிக்கையும் பொறுப்பும்

எல்லா மின்கலங்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஆகவே ஒவ்வொன்றின் கொள்திறனையும் உள்மின்தடையையும் அளந்து, ஒத்தவற்றை மட்டுமே இணைக்க வேண்டும். வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பும் இன்றியமையாதது. பழுதுற்ற மின்கலம் அளவுக்கு மீறிச் சூடேறித் தீப்பற்றக்கூடும்; நச்சுப்புகையும் வெளிப்படும். பயிற்சியற்றவர் அதைப் பழைய இரும்புக் கடையில் உடைப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இந்திய அரசின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வெளியாயின. மின்னூர்தி மின்கலங்களும் அவற்றுள் அடங்கும். பயன்பட்ட மின்கலங்களைத் திரும்பப் பெற்றுப் புதுப்பிப்பது அல்லது மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பாகும். நிலத்தில் புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன.

இரண்டாம் வாழ்வும் ஒருநாள் முடியும். அப்போது லித்தியம், கோபால்ட், நிக்கல் முதலியவற்றைப் பிரித்தெடுத்துப் புதிய மின்கலங்கள் செய்யலாம். முறையாகச் சேகரித்து ஒப்படைத்தால் பழைய மின்கலம் ஊருக்கு விளக்காகும். கைவிட்டால் மண்ணுக்கும் மனிதருக்கும் கேடாகும். எதுவாக வேண்டும் என்பதை முடிவு செய்வது, பயன்படுத்தும் நம் பொறுப்புணர்வே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை செலவாகும் மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பட்டியலிடுக.
2. உங்கள் ஊரில் பழைய மின்கலங்கள் எவ்வாறு அகற்றப்படுகின்றன என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.