ஆயில் எஞ்சின் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு: காரணமும் பரிகாரமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்பவரின் முயற்சியால் சென்னை மாகாணத்துக் கிணற்றுப் பாசனத்தில் ஆயில் எஞ்சின்களும் பம்புகளும் புகுந்தன. கமலை இறைத்த கிணறுகள் பலவற்றில் பின்னர் எஞ்சினே இறைத்தது. மின்சார மோட்டார்கள் எங்கும் பரவிய பின்னரும், மின்கம்பி எட்டாத தோட்டங்களிலும் ஆற்றோரங்களிலும் பழைய டீசல் எஞ்சின்கள் இன்னும் உழைத்து வருகின்றன. இவற்றிற்கு நேரும் பழுதுகளுள் பெருஞ்செலவு வைப்பது சிலிண்டர் ஹெட் வெடித்தலாகும். இது பெரும்பாலும் இரும்பின் குற்றமன்று. தண்ணீரைக் கையாளும் முறையின் குற்றமேயாம்.

வெடிப்பு உண்டாகும் விதம்

ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஹெட்டின் அடிப்புறத்தில் எண்ணெய் எரிகிறது; உட்கூட்டில் தண்ணீர் ஓடுகிறது. சூடேறிய ஹெட்டில் திடீரெனக் குளிர்ந்த நீர் பட்டால், நீர்பட்ட பக்கம் உடனே சுருங்கும். மறுபக்கமோ விரிந்தபடியே நிற்கும். இவ்விழுப்பில் இரும்பு பிளக்கிறது. காற்று உட்புகும் வால்வுக்கும் புகை வெளியேறும் வால்வுக்கும் இடையிலுள்ள குறுகிய பாலமே முதலில் வெடிப்பது வழக்கம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இது சாதாரணமாக நேருகிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, புட்வால்வு வெளியே தெரிந்து, பம்பு காற்றை இழுக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரும் பம்பின் வெளிக்குழாயிலிருந்தே எடுக்கப்படுவதால், அதுவும் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் ஹெட் கொதிக்கிறது. பதற்றமடைந்த ஆள் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றுகிறான். வாழையும் கரும்பும் நீருக்குக் காத்து நிற்கும் அந்நாளிலேயே எஞ்சின் கெட்டு, பயிரும் வாடுகிறது.

வேறு காரணங்களும் உண்டு. உப்புக் கிணற்று நீரால் உட்கூட்டில் சுண்ணாம்புக் காரை படிந்து உஷ்ணம் வெளியேறாமற் போதல் ஒன்று. நட்டுகளை ஒரு பக்கம் மிகையாகவும் மறுபக்கம் தளர்வாகவும் முறுக்குதல் மற்றொன்று. நீலகிரி போன்ற உறைபனி விழும் இடங்களில், உட்கூட்டில் விட்டுவைத்த நீர் இரவில் உறைந்து விரிந்து கூட்டைப் பிளத்தலும் உண்டு.

அறிகுறிகள்

குளிர்விக்கும் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுதல், சூடான பின்னும் புகையில் வெண்ணிற ஆவி கலந்து வருதல், எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்து அதன் மட்டம் உயர்தல், அமுக்கம் குறைந்து புறப்படத் தாமதித்தல் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் ஏதேனும் தோன்றினால், எஞ்சினைக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாராமல் புறப்படச் செய்தல் கூடாது. பிஸ்டன்மேல் தங்கிய நீர் அமுங்காதாகையால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சோதனை

காஸ்கெட் கெட்டாலும் இவ்வறிகுறிகளே தோன்றுமாதலால், உடனே புது ஹெட் வாங்க முற்படுதல் தவறு. ஹெட்டைக் கழற்றிக் கரியையும் காரையையும் நீக்கி, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிடவேண்டும். பின்னர் நன்கு துடைத்துச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினால், வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டும். உள்ளே மறைந்த வெடிப்பை, நீர்வழிகளை அடைத்து அழுத்தத்துடன் நீரேற்றிப் பட்டறையில் கண்டறியலாம். நேரான எஃகுச் சட்டத்தை வைத்து, ஹெட்டின் முகம் கோணியுள்ளதா எனவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழுதுபார்த்தல்

வெளிக்கூட்டில் மட்டும் உள்ள வெடிப்பு எளிதில் சீராகும். இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, உலோக ஆணிகளால் தைத்து அடைக்கலாம். காஸ் வெல்டிங் செய்வதாயின் ஹெட் முழுவதையும் மங்கிய செந்நிறம் காணும்வரை, அதாவது சுமார் 600 டிகிரி சென்டிகிரேடுக்கு, மெல்லச் சூடேற்ற வேண்டும். வேலை முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் அருகிலேயே புதிய வெடிப்பு தோன்றும். வால்வுகளின் இடையிலோ எரியும் அறையிலோ வெடிப்பு ஆழ்ந்திருப்பின், ஹெட்டை மாற்றுதலே முடிவில் சிக்கனமாகும்.

திரும்பப் பூட்டும்போது முகத்தைச் சமன்செய்து, புதிய காஸ்கெட் இடவேண்டும். நட்டுகளை எதிரெதிராக மூன்று தடவையில் சிறிது சிறிதாக முறுக்கி, எஞ்சின் ஒருமுறை ஓடி ஆறிய பின் மீண்டும் சரிபார்த்தல் அவசியம்.

வருமுன் காத்தல்

எஞ்சின் மிகச் சூடேறினால் பாரத்தை நீக்கி நிறுத்திவிட்டு, தானே ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்; நீரை ஊற்றலாகாது, திறந்துவிடவும் ஆகாது. பிஸ்டன் இறுகாதிருக்க இடையிடையே கையால் சுற்றி வைப்பது நலம். உப்புக் கிணறு உள்ளவர்கள், 200 லிட்டர் பீப்பாயில் மழைநீரை நிரப்பி, மேலும் கீழும் குழாய் பொருத்தி, அதே நீர் சுழன்று வரும்படி செய்துகொண்டால் காரை மிகக் குறையும். பீப்பாயின் நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே இறங்காமல் பார்த்துவருதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை, கோடை இறைப்பு தொடங்குமுன், உட்கூட்டைத் திறந்து சுத்தம் செய்தல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, எஞ்சினை ஓட்டும் ஆளுக்கு இவ்விஷயத்தை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவைப்பது கடமையாகும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றாமல் அரைநாள் பொறுத்தவன், ஹெட்டையும் பயிரையும் காத்தவனாவான்.