மாசடைந்த மரக்கறி நிலத்திற்கு உமிக்கரி

நுவரெலியாப் பகுதியில் உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்சும் ஓய்வின்றிப் பயிரிடப்படும் பாத்திகளில் பீடைநாசினியின் எச்சம் தங்கக்கூடும். அந்நஞ்சைப் பெரும்பாலும் சிதைப்பவை மண்ணில் வாழும் நுண்ணங்கிகளேயாம். நெல்லாலைகளிற் குவியும் உமியைக் காற்றுக் குறைந்த நிலையிற் கருக்கினால் உமிக்கரி கிடைக்கும். இக்கரியின் நுண்டுளைகள் நுண்ணங்கிகளுக்கு உறைவிடமாகும். நஞ்சையும் பற்றி, அது பயிரிலும் ஓடையிலும் சேர்வதைக் குறைக்கும்.

கரி சாம்பலாகுமுன் நீர் தெளித்து அணைத்தல் வேண்டும். பின்னர் கூட்டெருவுடன் கலந்து, ஈரங்காயாமற் சில வாரம் நிழலில் வைத்து, சதுர மீற்றருக்கு 1 கிலோகிராம் வீதம் மேல்மண்ணில் இடுக. அளவு மீறின், நஞ்சு நுண்ணங்கிகளுக்கு எட்டாது கரியிலேயே தங்கிவிடும்.

கரி காரத்தன்மையுடையது. தேயிலையோ பிஎச் 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணை விரும்புவது. ஆதலால் மண்ணைச் சோதியாது தேயிலை நிலத்தில் இடலாகாது. பொசுபேற்றுப் பசளையோடு வரும் கட்மியம் சிதைவதில்லை. கரி அதனைப் பிணித்து வைக்குமேயன்றி அழிக்காது. எனவே நஞ்சைக் குறைத்தலே முதல் மருந்து; கரி அதற்குத் துணை.