உயர்தரத்துக்குப் பிறகு என்ன? தீவகப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பரீட்சை முடிவு வெளியான கிழமையில் நெடுந்தீவில் எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் ஒரே கேள்விதான்: "மாஸ்ரர், இவனை இனி என்ன செய்விப்பம்?" கேட்பது தாயோ தகப்பனோ. பிள்ளை தூணில் சாய்ந்து கைபேசியைப் பார்த்தபடி நிற்பான். உயிரியல் பிரிவை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. பெரியம்மாவின் மகள் எடுத்தாள் என்று இவனையும் எடுப்பித்தார்கள். மூன்று பாடத்திலும் ‘எஸ்’. அடுத்த முடிவையும் அப்படியே எடுக்கப் பார்க்கிறார்கள்: பக்கத்து வளவுப் பொடியன் கனடாவுக்குப் போய்விட்டான், இவனும் போகட்டும். இந்த அவசரத்தைக் கண்டு பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

தெரிந்த வழிகளை முதலில் சொல்லி முடித்துவிடலாம். பல்கலைக்கழகம் கிடைத்தவருக்கு என் ஆலோசனை தேவையில்லை. வெட்டுப்புள்ளியை எட்டாதவர்களுக்குக் கோப்பாய்க் கல்வியியற் கல்லூரி இருக்கிறது: மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையில் பயிற்சி. விஞ்ஞானம் படித்தவர்கள் தாதியர் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டு வேலையிலும் தீவுப் பிள்ளைக்கென்று ஒரு பலம் உண்டு. வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர்கள் காலையில் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி வந்து, பின்னேர லோஞ்சுக்கு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. கச்சான் காற்று எழும்பினால் லோஞ்சும் இல்லை, வகுப்பும் இல்லை. ஊரிலேயே படுத்தெழும்பும் ஆசிரியரும் தாதியும்தான் எங்களுக்கு வேண்டும்.

தகப்பனிடம் படகும் வலையும் இருந்து, மகனுக்குக் கடலில் பயமும் இல்லையென்றால் கடற்றொழில் மரியாதையான தொழில்தான். இழுவைமடியை 2017 இல் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். ஆனாலும் எல்லை தாண்டி வரும் றோலர்கள் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. அதனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் வலையை மட்டும் நம்ப வேண்டாம். குதிரைகளையும் பெருக்குமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்க்க வருபவர்களை நம்பி விடுதி கட்ட நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வருபவர்களில் பெரும்பாலானோர் அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மத்தியானச் சாப்பாடும் ஊர் சுற்றிக்காட்ட ஒரு ஓட்டோவும். சாப்பாட்டில் தொடங்குங்கள், அறையைப் பிறகு கட்டலாம்.

இனி, ஊரே மெச்சும் வழிக்கு வருகிறேன்: காணியை விற்று, ஏஜென்சிக்காரனிடம் காசைக் கட்டி, வெளிநாடு போவது. வெளிநாடு போவதையே நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டதும் வெளிநாட்டுக் காசுதான். கையில் ஒரு தொழிலும் இல்லாமல், காணியை முதலாக வைத்துப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முதலில் காணியைப் பாருங்கள். தீவுக் காணிக்கு யாழ்ப்பாண விலை கிடைக்காது. நாலு பரப்பு வளவை, அதாவது கால் ஏக்கரை, கிணற்றோடும் பனைகளோடும் விற்றாலும் ஏஜென்சிக்காரன் கேட்கும் தொகையில் ஒரு பங்குக்குத்தான் காணும். மிச்சத்துக்கு நகையை ஈடு வைக்க வேண்டும், வட்டிக்கு வாங்க வேண்டும். விற்பதும் லேசான காரியமில்லை. உறுதியை விரித்தால் பாட்டன் பெயரில் பிரிபடாத பங்காகக் கிடக்கும். ஒரு பங்காளி பாரிஸில், இன்னொருவர் ரொறன்ரோவில். பங்குக் காணியை வெளியாருக்கு விற்க முன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது தேசவழமை. தாயின் சீதனக் காணியென்றால் தகப்பனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். இதற்கெல்லாம் பொறுமையில்லாமல் யாருக்கோ அற்றோணி எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். என் தம்பி அப்படி எழுதிக் கொடுத்ததால் எங்கள் வடக்குப் பக்கத்து முருகைக்கல் மதில் இன்று இன்னொருவர் வளவுக்குள் நிற்கிறது. விற்காமல் கவனிப்பாரின்றி விட்டுப் போனாலும் ஆபத்துத்தான்: பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் ஆட்சியுரிமை கேட்கலாம்.

அடுத்தது பயணம். 2022 நவம்பரில் கனடா போகலாம் என்று காசு கட்டி ‘லேடி ஆர்3’ கப்பலில் ஏறிய இலங்கையர் 303 பேர் நடுக்கடலில் தத்தளித்தார்கள். யப்பான் கப்பலொன்று மீட்டு அவர்களை வியட்நாமில் இறக்கியது. அடுத்த மாதமே பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவுஸ்திரேலியா 2013 முதல் படகுகளைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. 2023 இல் கனடாவுக்கு விசிட் விசா இலகுவாகக் கிடைத்தது உண்மை. அந்தச் சலுகை அந்த வருட முடிவோடு நின்றுவிட்டது. அதைக் காட்டி ஆள் பிடிப்பதுதான் நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தவனின் படம் முகநூலில் வருகிறது. திரும்பி வந்தவன் வெட்கத்தில் வெளியே வருவதில்லை. பெற்றோர் கண்ணில் படுவது முதல் ஆள் மட்டுமே.

போகத்தான் வேண்டுமென்றால் நேரான வழி இருக்கிறது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் பணியகம் வழியாகவே கொரியாவுக்குப் போகலாம். அந்த வேலைகளில் மீன்பிடித்துறையும் அடக்கம், எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிய கடல் வேலை.

என்னைக் கேட்டால், எஞ்சின் வேலை பழகுங்கள். மாஸ்ரருக்கு இதில் ஒரு பக்கச்சார்பு என்பார்கள், சொல்லட்டும். கணக்குப் பாடத்தில் என்னிடம் பின்வாங்கிலேயே இருந்த ஒருவன் இன்று இறங்குதுறையில் படகு எஞ்சின் திருத்துகிறான். கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்ததும் பின்னால் பீச்சும் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பான். தாரை மெலிந்திருந்தால் ஒரு ஆணியும் கழற்ற முன்பே, "இம்பெல்லரை மண் தின்றிட்டுது" என்பான். கீழ்க்காலைக் கழற்றி, அந்தச் சின்ன இறப்பர்ச் சில்லின் சிறகுகளை விரலால் வளைத்துக் காட்டுவான். நுனியெல்லாம் தேய்ந்து வெடித்திருக்கும். அவன் இல்லாவிட்டால் அந்த எஞ்சினை லோஞ்சில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும்; போன நாளும் வந்த நாளும் தொழில் இல்லை. தீவில் அவன் மதிப்பு அதுதான். கிளிநொச்சி ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் இயந்திரவியல், மின்னியல் இரண்டும் படிக்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க 2024 இல் ஒப்பந்தம் எழுதினார்கள். அதைப் பராமரிக்கவும் கை தெரிந்த ஆட்கள் வேண்டும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை எடுத்த பிறகு வெளிநாடு போனாலும் கூலியாளாகப் போக மாட்டீர்கள்.

பிள்ளைகளே, ஊரோடு ஒத்தோடு என்ற பழமொழி தொழில் தேர்வுக்குச் சொன்னதல்ல. யாரும் ஏவாமல் உங்கள் கை எதில் போகிறது என்று பாருங்கள். பழுதான வானொலியைக் கழற்றுகிறதா, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறதா, சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பிக்கிறதா? அங்கேதான் உங்கள் தொழில் இருக்கிறது. பெற்றோரே, மற்ற வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைக்காதீர்கள். ஒரு தொழில் கைக்கு வர மூன்று நாலு வருடம் எடுக்கும். அந்தக் காலத்தில் காசும் வராது, பெயரும் வராது. அதைப் பொறுத்திருந்து பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்கள். உறுதி அதுவரை பெட்டிக்குள் இருக்கட்டும்.