சாய மின்கலமும் கணினிக் கணக்கும்

1991ஆம் ஆண்டில் பிரையன் ஓ'ரீகனும் மிக்கேல் கிரேட்செலும் 'நேச்சர்' இதழில் அறிவித்த சாயமேற்றிய சூரிய மின்கலத்தில், ஒளியைச் சாயம் உறிஞ்சுகிறது. அதனால் கிளர்ந்த எலக்ட்ரானை நுண்துளை நிறைந்த டைட்டானியம் டை ஆக்சைடு படலம் வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த சாயத்துக்கு அயோடைடு மின்பகுளி அதை ஈடுசெய்கிறது. தொடக்கத்தில் ருத்தேனியம் என்னும் அரிய உலோகத்தின் சேர்மங்களே சாயங்களாகப் பயன்பட்டன. உலோகமில்லாத கரிமச் சாயங்களைக் கணினியில் வடிவமைக்கும் முயற்சி பெருகியபின், சில தவறான நம்பிக்கைகளும் உடன் வளர்ந்துவிட்டன.

நம்பிக்கை: கரிமச் சாயங்கள் ஒளியை உறிஞ்சுவதில் ருத்தேனியத்துக்குப் பிற்பட்டவை.

உண்மை: நிலைமை நேர்மாறானது. என்719 என்ற ருத்தேனியச் சாயத்தின் மோலார் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 14,000 அலகு என்றால், டி149 என்ற இண்டோலின் வகைச் சாயத்துக்கு அது 68,000ஐத் தாண்டுகிறது. கரிமச் சாயங்களின் மெய்யான குறை, அவை உறிஞ்சும் அலைநீள எல்லை பெரும்பாலும் குறுகியிருப்பதே.

நம்பிக்கை: இயல்பு நிலைக்கும் கிளர்ந்த நிலைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி குறையக் குறையச் சாயம் சிறக்கும்.

உண்மை: வெற்றிட ஆற்றலை அளவுகோலாகக் கொண்டால் டைட்டானியம் டை ஆக்சைடின் கடத்துப்பட்டை சுமார் 4.0 எலக்ட்ரான் வோல்ட் கீழேயும், அயோடைடின் ஆற்றல் மட்டம் சுமார் 4.8 கீழேயும் அமைந்துள்ளன. சாயத்தின் கிளர்ந்த நிலை முன்னதற்கு மேலும், இயல்பு நிலை பின்னதற்குக் கீழும், இருபுறமும் போதிய இடைவெளியோடு இருந்தாக வேண்டும். வலிய எலக்ட்ரான் ஏற்பித் தொகுதியைச் சேர்த்துக் கிளர்ந்த நிலையை அளவுமீறித் தாழ்த்திவிட்டால், சாயம் ஆழ்ந்த நிறம் பெறுமேயன்றி, எலக்ட்ரான் படலத்துக்குள் புகாது.

நம்பிக்கை: கணினி காட்டும் நிறமாலையே முடிவானது.

உண்மை: எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு மூலக்கூறின் ஆற்றலைக் கணிக்கும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டில், எந்தச் சமன்பாட்டைத் தேர்ந்தோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. பரவலாகக் கையாளப்படும் பி3எல்ஒய்பி என்னும் சமன்பாடு, மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சுமை பெயரும் கிளர்ச்சிகளின் ஆற்றலைக் குறைத்தே காட்டும். கரிமச் சாயங்களுக்கோ அந்தப் பெயர்ச்சிதான் உயிர்நாடி. உண்மையில் 2.5 எலக்ட்ரான் வோல்ட்டாக உள்ள கிளர்ச்சி கணக்கில் 2.0 என வருமானால், 496 நானோமீட்டரில் உறிஞ்ச வேண்டிய சாயம் 620இல் உறிஞ்சுவதாகத் தோன்றும். நெடுந்தொலைவு இடைவினைகளைத் திருத்திச் சேர்த்த கேம்-பி3எல்ஒய்பி போன்றவை இவ்வகைச் சாயங்களுக்கு ஏற்றவை.

நம்பிக்கை: மூலக்கூறின் கணக்கு சரியானால் மின்கலமும் சிறக்கும்.

உண்மை: நான்கில் இதுவே மிகுந்த கேடு விளைப்பது. ஜப்பானில் கௌமுராவும் ஹராவும் 2006இல் வெளியிட்ட எம்கே-2 சாயத்தில், கார்பசோல் என்னும் எலக்ட்ரான் வழங்கித் தொகுதியையும் படலத்தில் பற்றிக்கொள்ளும் சயனோ அக்ரிலிக் அமிலத்தையும் தயோபீன் வளையங்கள் இணைக்கின்றன. அவ்வளையங்களில் தொங்கும் ஹெக்சில் சங்கிலிகள் மின்பகுளி படலத்தை நெருங்காமல் தடுப்பதால், படலத்தில் சேர்ந்த எலக்ட்ரான் மின்பகுளிக்குத் திரும்பிப் பாய்வது குறைந்து மின்னழுத்தம் உயர்கிறது. தனித்த மூலக்கூறின் நிறமாலைக் கணக்கில் இந்தப் பயன் சற்றும் புலப்படாது. ஆயினும், கணக்கின் பளுவைக் குறைப்பதற்காக இத்தகைய நீள்சங்கிலிகளை வெட்டி மெத்தில் தொகுதிகளாகச் சுருக்குவது இத்துறையில் பரவலான வழக்கம். அவ்வாறு சுருக்கிய மூலக்கூறின் ஆற்றல் மட்டங்களை மட்டும் வைத்து மின்கலத்தின் திறனை வரிசைப்படுத்தும் எந்த ஆய்வையும் ஏற்பதற்கில்லை.